புதன்கிழமை யாரும் சாகவில்லை

நகராட்சிக் கட்டடத்தின் தரைத்தளத்தில், படிக்கட்டைத் தாண்டி மூன்றாவது அறை. கதவுக்கு மேலே 'பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகம்' என்று எழுதியிருக்கும். உள்ளே ஒரு நீளமான மேசை, இரண்டு நாற்காலி, நடுவில் ஒரு கம்ப்யூட்டர். இடது பக்க நாற்காலியில் பத்தொன்பது வருடமாகப் பிறப்புகளைப் பதிவு செய்துகொண்டிருப்பவரை எல்லோரும் பிறப்பம்மா என்றே கூப்பிடுவார்கள். வலது பக்கம் இருப்பவர் இறப்பு சார். இருவருக்கும் சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் உண்டு.

பிறப்பம்மாவுக்கு ஐம்பத்தொரு வயது. எந்தப் பொருள் வீட்டுக்கு வந்தாலும் அதோடு வரும் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுத்தான் பெட்டியைப் பிரிப்பார். தெரியாத மொழியில் அச்சடித்திருக்கும் பக்கங்களைக்கூடப் படம் பார்த்துப் புரட்டுவார். அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். "உலகத்துல இஸ்திரிப் பெட்டி கையேட்டுல எழுத்துப்பிழை கண்டுபிடிச்ச ஒரே ஆளு நீதான்" என்று கிண்டல் செய்வார். அந்தப் பிழையைப் பிறப்பம்மா கம்பெனிக்குக் கடிதம் போட்டுத் தெரிவித்ததையும், பதில் வராததால் ஞாபகமூட்டல் கடிதம் போட்டதையும் அவர் பிறரிடம் சொல்வதில்லை. மனைவியின் மானத்தைக் காப்பதாக நினைப்பு.

ஒரே கம்ப்யூட்டருக்குக் காரணம், ஒரே அலுவலகம் என்பதுதான். 'ஓர் அலுவலகத்துக்கு ஒரு கணினி' என்று ஆணை. ஆனால் பிறப்புப் பதிவுக்கான மென்பொருளை ஒரு துறை தயாரித்துக் கொடுத்தது. இறப்புக்கானதை இன்னொரு துறை. இரண்டு துறைக்கும் பல வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. பிறப்பு மென்பொருள் காசில்லாமல் கிடைக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் மட்டும் ஓடும். இறப்பு மென்பொருளுக்குக் காசு கொடுத்து வாங்கிய சிஸ்டம்தான் வேண்டும். நிறுவ வந்தவர் தலையைச் சொறிந்தார். கடைசியில் பாகப்பிரிவினை செய்வதுபோல் வன்தட்டை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியையும் சில பகுதிகளாக வெட்டி, இதில் ஒன்று அதில் ஒன்று என்று இரண்டு சிஸ்டத்தையும் ஒரே பெட்டிக்குள் குடிவைத்துவிட்டுப் போய்விட்டார்.

பொத்தானை அமுக்கியதும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு மெனு வரும். மேல் வரி பிறப்பு. கீழ் வரி இறப்பு. பத்து விநாடிக்குள் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் அது தானாகப் பிறப்புக்குள் போய்விடும். இறப்பு சாருக்கு இதில் வருத்தம். "நான் கண்ணாடியைத் துடைச்சு மாட்டுறதுக்குள்ள பொறந்துடுது மேடம்" என்பார். காலை ஒன்பதரையிலிருந்து ஒரு மணிவரை பிறப்பு, இரண்டிலிருந்து ஐந்துவரை இறப்பு என்று இருவரும் நேரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் வருடம் ஒரு தகராறு வந்தது. பெட்டிக்குள் இருக்கும் கடிகாரத்தை ஒரு சிஸ்டம் உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொள்ளும். மற்றது சுவர்க் கடிகார நேரம் என்று எடுத்துக்கொள்ளும். ஒவ்வொன்றும் மற்றதைத் திருத்தும். தணிக்கைக்கு வந்தவர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "விடியற்காலை நாலரை மணிக்கு யாரும்மா வந்து பதினேழு குழந்தையைப் பதிவு பண்ணது?" என்று கேட்டார். பிறப்பம்மா அன்று முதல் மதியச் சாப்பாட்டு வேளையில் இதே சிக்கலில் மாட்டிக்கொண்டவர்கள் எழுதிவைத்த விவாதப் பக்கங்களைக் கைபேசியில் படிக்க ஆரம்பித்தார். மூன்றாம் நாள் ஒரே ஒரு வரியைத் தட்டி, இரண்டு சிஸ்டத்தையும் ஒரே நேரத்துக்கு ஒத்துக்கொள்ள வைத்தார். அதற்கு யாரும் பாராட்டவில்லை. நேரம் சரியாக இருந்தால் யார் கண்ணில் படும்?

இப்படி ஓடிக்கொண்டிருந்த அலுவலகத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை இறப்பு சார் கிளம்பும்போது, 'புதுப்பித்தல் நடைபெறுகிறது, அணைக்க வேண்டாம்' என்று திரையில் வந்தது. அவர் சொன்ன பேச்சைக் கேட்கிற மனிதர். அணைக்காமல் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை மெனு வரவில்லை. பிறப்பம்மா பொத்தானை அமுக்கினார். கறுப்புத் திரைகூடக் காட்டாமல் பெட்டி நேராக இறப்புக்குள் போய் நின்றது. அணைத்துப் போட்டார். மறுபடியும் இறப்பு. ஆறு முறை முயன்றார். ஆறு முறையும் இறப்பு. ஜன்னலுக்கு வெளியே கைக்குழந்தைகளோடு பதினெட்டு பேர் நின்றார்கள்.

தலைமையகத்து டெக்னீஷியனுக்குப் போன் போட்டார்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா மேடம்?"

"ஆறு தடவை பண்ணிட்டேன்."

"ஏழாவது தடவை பண்ணிப் பாருங்க."

"பண்ணா மெனு வருமா?"

"வராது. ஆனா படிவத்துல ஏழு தடவைன்னு இருக்கு. நேர்ல ஆள் வர பதினஞ்சு வேலை நாள் ஆகும்."

பதினைந்து வேலை நாள் இந்த ஊரில் யாரும் பிறக்க முடியாது என்று பிறப்பம்மா எடுத்துச் சொன்னார். டெக்னீஷியன் அதைப் புகாரில் குறித்துக்கொண்டார். "அவசரம்னு போட்டுட்டேன் மேடம். இப்போ பதினாலு நாள்."

வரிசையில் முதலில் நின்றவர் கப்பலில் சமையல் வேலை பார்ப்பவர். ஒன்பது நாளைக்கு முன் மகள் பிறந்திருக்கிறாள். வியாழக்கிழமை மாலை கப்பல் கிளம்புகிறது. அதற்குள் சான்றிதழைக் கம்பெனியில் கொடுத்தால்தான் குடும்பத்துக்கு மருத்துவ வசதி. அவர் போட்ட சத்தத்தில் பதிவாளர் தன் அறையிலிருந்து எழுந்து வந்தார். பதிவாளர் யோசனை சொல்வதில் கெட்டிக்காரர். அவர் யோசனை சொன்ன இடங்களில் வேலையைச் சரிசெய்யத் தனியாக ஆள் போட வேண்டிவரும்.

"இறப்பு ஓடுதுல்ல?" என்றார்.

"ஓடுது சார்" என்றார் இறப்பு சார், டீயை ஆற்றிக்கொண்டே.

"அதுல தவறான பதிவை ரத்து பண்ற வசதி இருக்குல்ல?"

"இருக்கு. ரத்து பண்ணா 'மேற்கண்ட நபர் உயிருடன் உள்ளார்'னு முத்திரையோட ஒரு சான்றிதழ் வரும்."

"அவ்வளவுதானே வேணும்! பிறப்புச் சான்றிதழ்ல என்ன இருக்கு? ஆள் இருக்காருன்னு இருக்கு. இதுலயும் அதேதான் இருக்கு. குழந்தையை இறந்ததாப் பதிவு பண்ணி, உடனே ரத்து பண்ணிடுங்க."

பிறப்பம்மா நாற்காலியை விட்டு எழுந்தார். "சார், நீங்க பேசுறது உங்களுக்கே கேக்குதா?"

கப்பல் சமையல்காரர் முதலில் கொதித்தார். "பொறந்து ஒம்பது நாள் ஆன புள்ளையைச் சாகடிக்கச் சொல்றீங்களா?" என்று மேசையைத் தட்டினார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். குரலை இறக்கி, "எவ்வளவு நேரத்துக்கு?" என்று கேட்டார்.

"அஞ்சு நிமிஷம். பிரிண்டர் நல்லா இருந்தா நாலு."

இறப்பு சார் தட்டச்சுச் செய்ய ஆரம்பித்தார். தகப்பன் பெயர், தாய் பெயர், முகவரி எல்லாம் போய்விட்டது. ஆறாவது கட்டத்தில் நின்றுவிட்டது. 'இறந்தவரின் பிறப்புப் பதிவு எண் (கட்டாயம்)'.

"பொறக்காம சாக முடியாதாம் சார்" என்றார்.

"யாரு சொன்னது?"

"சாஃப்ட்வேர் சொல்லுது."

பதிவாளர் கொஞ்ச நேரம் திரையை முறைத்தார். அது அசரவில்லை. "புதன்கிழமை வாங்க" என்று சமையல்காரரிடம் சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இறப்பு சார் காலையிலிருந்து மாலைவரை முழுநாளும் தன் வேலையைப் பார்த்தார். வெற்று மேசைப் பக்கம் உட்கார்ந்திருந்த பிறப்பம்மாவைப் பார்க்கும்போதெல்லாம், "நான் என்ன பண்ண முடியும் மேடம், சொல்லுங்க" என்று அனுதாபத்தோடு சொன்னார். எட்டு முறை சொன்னார். பிறப்பம்மா எண்ணிக்கொண்டிருந்தார்.

அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலும், மறுநாள் காலை வரும் பஸ்ஸிலும் அவர் கைபேசியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. எங்கோ முகம் தெரியாத எத்தனையோ பேர் இதே வயிற்றெரிச்சலைக் கொட்டித் தீர்த்திருந்தார்கள். மெனு அழிந்துபோகவில்லை, ஓரங்கட்டப்பட்டிருக்கிறது என்பது புரிந்தது. பெட்டி உயிர் பெற்றதும் முதலில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அதற்குள் ஒரு வரிசை இருக்கிறதாம். காசு கொடுத்து வாங்கிய சிஸ்டம் புதுப்பித்துக்கொண்டபோது வரிசையில் தன்னை முதலில் நிறுத்திக்கொண்டிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை பொத்தானை அமுக்கிய கையோடு, விசைப்பலகையின் மேல் வரிசையில் இரண்டாவது விசையை மரங்கொத்தி மாதிரி தட்டிக்கொண்டே இருந்தார். சாம்பல் நிறத்தில் ஒரு பக்கம் வந்தது. அங்கே அந்த வரிசை இருந்தது. முதலில் இறப்பு, அடுத்தது மெனு. மெனுவை ஒரு படி மேலே ஏற்றி, சேமித்து, வெளியே வந்தார். கறுப்புத் திரை; வெள்ளை எழுத்து; இரண்டு வரி. ஜன்னலுக்கு வெளியே எதற்கென்றே தெரியாமல் எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு மணிக்குள் நாற்பத்தாறு குழந்தைகளைப் பதிவு செய்தார். கப்பல் சமையல்காரர் மட்டும் வரவில்லை. அவரைத்தான் பதிவாளர் புதன்கிழமை வரச்சொல்லியிருந்தாரே.

மதியம் இரண்டு மணிக்கு இறப்பு சார் உட்கார்ந்தார். நாலரை மணிக்கு அவர் திரையில், 'புதுப்பித்தலின் இரண்டாம் பகுதி தயார்' என்று வந்தது. கீழே 'சரி' என்று ஒரே ஒரு பொத்தான். வேறு எதை அமுக்குவார்?

புதன்கிழமை காலை திரை கறுப்பாகவே நின்றது. 'வன்தட்டில் அப்படி ஒரு பகுதி இல்லை' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி, அதற்குக் கீழே 'மீட்பு' என்று ஒரு சொல், பக்கத்தில் மினுக்கும் ஒரு கோடு. பிறப்பும் இல்லை, இறப்பும் இல்லை. பதிவாளர் வந்து எட்டிப் பார்த்தார்.

"மீட்புன்னா? யாரை மீட்கணும்?"

"நம்மளைத்தான் சார்" என்றார் இறப்பு சார்.

வரிசையில் நின்றவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பிறப்புக்கு வந்தவர்கள் கத்தினார்கள். இறப்புக்கு வந்தவர்கள் நிதானமாக இருந்தார்கள். மாமனார் விஷயமாக வந்த ஒரு மருமகன், "பரவால்ல, நாளைக்கு வரேன். மாமாவுக்கு இனிமே ஒரு அவசரமும் இல்ல" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். கப்பல் சமையல்காரர் சத்தம் போடவில்லை. வராந்தா பெஞ்சில் பையை வைத்து, அதன் மேல் தலையை வைத்துக்கொண்டார். அதைப் பார்க்கத்தான் பிறப்பம்மாவுக்குச் சகிக்கவில்லை.

ஒரு விஷயம் அவர் மனதை அரித்துக்கொண்டிருந்தது. நேற்று கண்டுபிடித்த சாம்பல் பக்கத்துக்குப் போய், வரிசையில் இறப்பை மறுபடி முதலில் நிறுத்தினால் இறப்பு சாருடைய வேலை நடக்கும். அது பிறப்பம்மாவுக்குத் தெரியும். சொல்லவில்லை. இறப்பு சிஸ்டம் திரும்ப எழுந்தால் மூன்றாம் பகுதி என்று எதையாவது கொண்டுவரும், நோய் முற்றும் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டார். காரணம் நியாயமானதுதான். ஆனால் அந்த 'நான் என்ன பண்ண முடியும் மேடம்' எட்டு முறை காதில் ஒலித்ததும் உண்மை. நாள் முழுதும் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கோந்து பாட்டிலின் மூடியைச் சுத்தம் செய்தார்கள். அன்றைக்கு ஊரில் ஒருவரும் பிறக்கவில்லை, ஒருவரும் சாகவுமில்லை.

சாயங்காலம் தட்டின் முன் உட்கார்ந்தும் பிறப்பம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. கணவர் தன் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு ஒரு கட்டடத்துல ஒரே ரகளை. லிஃப்ட் கெட்டுப்போச்சு, அஞ்சை அமுக்கினா வக்கீல் ஆபீஸ் வரமாட்டேங்குதுன்னு போன். போய்ப் பாத்தா, லீவுல மூணுக்கும் நாலுக்கும் நடுவுல குட்டியா ஒரு மாடி போட்டு வச்சிருக்கானுங்க, சாமான் வைக்க. இப்போ மேல இருக்கிறதெல்லாம் ஒண்ணு தள்ளிப்போச்சு. அஞ்சுல இறங்கினா தண்ணி மோட்டார். லிஃப்ட் நல்லாத்தான் இருக்கு. மாடிக்குத்தான் நம்பர் மாறிப்போச்சு."

பிறப்பம்மாவின் கை பாதியில் நின்றது. "என்னங்க, இப்ப என்ன சொன்னீங்க?"

"தண்ணி மோட்டார்னேன்."

"அதுக்கு அடுத்தது."

"மாடிக்கு நம்பர் மாறிப்போச்சுன்னேன். ஏன், உனக்கு வக்கீல் யாரையாவது பாக்கணுமா?"

பிறப்பம்மா எச்சில் கையோடு எழுந்துபோய்க் கைபேசியை எடுத்தார். கணவர் சொன்ன மாதிரியேதான். இரண்டாம் புதுப்பித்தல் வன்தட்டின் நடுவில் தன் சாமான்களை வைத்துக்கொள்ளச் சின்னதாக ஒரு பகுதியை வெட்டிப் போட்டிருக்கிறது. ஐந்தாவதாக இருந்த பிறப்புப் பகுதி ஆறாவதாகிவிட்டது. மெனுவோ தன் கோப்புகளைத் தேடி இன்னும் ஐந்தாம் மாடியில் போய் நின்று, ஆளைக் காணோம் என்று திருதிருவென விழிக்கிறது. தட்ட வேண்டிய நான்கு வரிகளை நோட்டில் எழுதிக்கொண்டார். ஒவ்வொரு புள்ளியையும் கணவரைச் சரிபார்க்கச் சொன்னார்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கே அலுவலகம் வந்துவிட்டார். சமையல்காரர் அதற்கு முன்பே வாசலில் நின்றார். பிறப்பம்மா மினுக்கும் கோட்டின் முன் உட்கார்ந்து, என்னென்ன பகுதி இருக்கிறது என்று கேட்டார். ஏழு இருப்பதாகத் திரை சொன்னது. ஐந்தைத் திறந்து காட்டு என்றார். இது என்னவென்று தெரியவில்லை என்றது. ஆறு? வரிசையாகக் கோப்புறைகள் வந்து விழுந்தன. பழகிய பெயர்கள். தெருவில் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் இருந்தது அவருக்கு.

முதல் வரி. இரண்டாவது வரி. மூன்றாவது வரியைத் தட்டியதும் திட்டியது. ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. மீண்டும் தட்டினார். நான்காவது வரியைத் தட்டி, கண்ணை மூடிக்கொண்டார்.

"வந்துடுச்சு மேடம்" என்றார் பின்னால் நின்ற இறப்பு சார்.

பிறப்பம்மா கண்ணைத் திறந்தார். மெனு வந்திருந்தது. பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணிக்கொண்டிருந்தது. ஆனால் இது இந்த ஒரு தடவைக்குத்தான் என்று அவருக்குத் தெரியும். பிறப்புக்குள் போனதும் முதல் வேலையாக, மெனுவைப் புதிய முகவரியோடு திரும்ப நிறுவினார். அணைத்துப் போட்டுப் பார்த்தார். நின்றது. அந்தச் சூட்டிலேயே அதன் அமைப்புக் கோப்பையும் திறந்தார். யார் முதலில், எத்தனை விநாடி என்பதெல்லாம் அங்கேதான் இருந்தது. விநாடியைச் சுழியமாக்கினால் இறப்பு சார் ஆயுசுக்கும் உள்ளே நுழைய முடியாது. விரல் ஒரு கணம் தயங்கியது. பிறகு, யாராவது விசையை அமுக்கும்வரை காத்திரு என்று மாற்றிச் சேமித்தார்.

"இனிமே நீங்க நிதானமாக் கண்ணாடியைத் துடைக்கலாம் சார்" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். மனசு கேட்கவில்லை. "இன்னொண்ணு சொல்லணும். நேத்து இறப்பை மட்டும் ஓடவைக்க எனக்கு வழி தெரியும். வேணும்னேதான் சொல்லல."

"தெரியும் மேடம். செவ்வாய்க்கிழமை நீங்க அந்தப் பக்கத்துல தட்டினதை நான் பக்கத்துல உக்காந்து பாத்துட்டுத்தானே இருந்தேன்."

"அப்ப நீங்களே பண்ணியிருக்கலாமே?"

"பண்ணியிருக்கலாம்." இறப்பு சார் டீக்கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இருபத்தாறு வருஷமா தினமும் யாராவது செத்துக்கிட்டே இருக்காங்க மேடம். ஒரு நாள் யாருமே சாகலைன்னா எப்படி இருக்கும்னு பாக்கணும்போல இருந்துச்சு."

பிறப்பம்மா ஜன்னலைத் திறந்து சமையல்காரரைக் கூப்பிட்டார். தகப்பன் பெயர், தாய் பெயர், நேரம், எடை எல்லாம் போட்டார். "குழந்தை பேரு?" என்றார்.

சமையல்காரர் விழித்தார். "பேரு இன்னும் வைக்கலைங்களே."

நாலு நாள், இரண்டு சிஸ்டம், பாதியில் நின்ற ஒரு பொய் மரணம், இவ்வளவும் தாண்டி வந்த பிறகு! பெயரை ஒரு வருடத்துக்குள் சேர்த்துக்கொள்ளலாம் என்று விதி இருந்தது நல்லதாகப் போயிற்று. 'பெண் குழந்தை' என்று போட்ட சான்றிதழை அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடினார். மாலை ஐந்துக்குள் அந்த அறையில் எழுபத்தொரு பேர் பிறந்தார்கள். முப்பது பேர் இறந்தார்கள்.

கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஒரு மாதம் கழித்துத் தலைமையகத்தின் புள்ளிவிவரப் பிரிவு விழித்துக்கொண்டது. மூன்று பேர் கொண்ட ஒரு குழு ஜீப்பில் வந்து இறங்கியது. தலைவர் ஓர் அம்மாள். கையில் வரைபடம். மற்ற வேலை நாளெல்லாம் மேலும் கீழுமாகப் போன கோடு, அந்தப் புதன்கிழமை தரையைத் தொட்டிருந்தது.

"இந்தத் தேதியில உங்க ஊர்ல ஒருத்தர்கூட இறக்கல. நாப்பது வருஷத்துல இப்படி நடந்ததே இல்ல. காரணம் என்ன?"

பிறப்பம்மா நோட்டை எடுத்துவந்து எல்லாவற்றையும் விளக்கினார். வரிசை, மெனு, நடுவில் முளைத்த பகுதி, ஐந்து ஆறானது. அம்மாள் பொறுமையாகக் கேட்டார். தன் படிவத்தைப் புரட்டினார்.

"காரணத்துக்கு மூணு கட்டம்தான் இருக்கு. காத்து, தண்ணி, உணவு. இதுல எது?"

"இது எதுவும் இல்லைங்க. கம்ப்யூட்டர்."

"அது கட்டத்துல இல்லையே. தண்ணி எங்கிருந்து வருது?"

வராந்தாக் குழாயைக் காட்ட வேண்டியதாயிற்று. மூன்று பாட்டிலில் பிடித்து, முத்திரை வைத்து, பிறப்பம்மாவிடமும் இறப்பு சாரிடமும் சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். இரண்டு வாரத்தில் அறிக்கை வந்தது. அந்தப் புதன்கிழமை ஊரில் ஒருவரும் இறக்கவில்லை, தண்ணீர் நல்ல தண்ணீர், குறை சொல்ல எதுவும் இல்லை, மேற்கொண்டு ஆராயலாம். பதிவாளர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வராந்தாவில் மாட்டினார். யோசனையில் கெட்டிக்காரர் என்று முன்பே சொல்லியாயிற்று.

அதைப் படித்தவர்கள் வீட்டில் சொன்னார்கள். வீட்டிலிருந்தவர்கள் அடுத்த தெருவில் சொன்னார்கள். இப்போது காலை எட்டு மணிக்கே பக்கத்து ஊர்களிலிருந்து குடத்தோடும் கேனோடும் ஆட்கள் வந்துவிடுகிறார்கள். வரிசை வாசல்வரை நீளும். நடுவில் புகுந்தால் சண்டைக்கு வருவார்கள். பத்து பதினோரு மணிக்குத் தொண்டை வறண்டால், பிறப்பம்மா இறப்பு சாருடைய பாட்டிலையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய், கடைசி ஆளுக்குப் பின்னால் நிற்கிறார்.